பதிவேட்டில் ஏறும் பெயர்

(செவிலியர் கல்வியைத் தேர்ந்தெடுப்பது குறித்து, நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் நாகரசம்பட்டியில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் வாழ்த்துரைகள் பல கேட்டோம். கடந்து வந்த பாதையை நினைந்து மகிழ்வது முறையே. எனினும் கல்விச் சங்கத்தின் விழாவில் ஒரு பொழுதேனும் கல்வியைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஆதலின் நம் பகுதிப் பெண் பிள்ளைகள் பலரும் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். "நர்ஸ் ஆக வேண்டுமானால் கல்லூரியில் எந்தப் பாடம் எடுக்க வேண்டும்?" என்பதே அக்கேள்வி.

கேள்வி எளிது. விடை தெரியாமையால் நம்மவர் இழந்தவையோ பல. மருத்துவமனையில் வேலை கிடைக்கும் என்று நம்பி விலங்கியலில் பட்டம் பெற்று நிற்போர் உளர். பேருந்து நிலையத்தின் அருகே மாடி அறை ஒன்றில் ஓராண்டு படித்து, தாம் பெற்ற சான்றிதழை அரசு ஏற்காது என்று பின்னர் அறிந்தோர் உளர். கடன் வாங்கி எல்லை தாண்டிக் கல்லூரியில் சேர்ந்து, உதவித்தொகை வாராமையால் இடையிலேயே ஊர் திரும்பியோர் உளர். இவர்களுள் எவரும் அறிவில் குறைந்தவர் அல்லர். உழைப்பில் பின்தங்கியவர் அல்லர். உரிய காலத்தில் வழி சொல்வார் இல்லாமையே இவர்தம் குறை. அவ்வழியைச் சொல்வது சங்கத்தின் கடன்.

தொட்டுச் செய்யும் தொழில்

முதற்கண் இத்தொழிலுக்கும் நமக்கும் உள்ள உறவைச் சிந்திப்போம். செவிலியம் என்பது தொட்டுச் செய்யும் தொழில். நாடி பார்க்கத் தொட வேண்டும். புண்ணைத் துடைக்கத் தொட வேண்டும். பிறந்த மகவை ஏந்தத் தொட வேண்டும். இறந்தவர் கண்களை மூடவும் தொட வேண்டும். தொட்டால் தீட்டு என்று ஒரு மக்கட் கூட்டத்தை ஊருக்கு வெளியே நிறுத்திய நாட்டில் இத்தொழிலுக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். குருதி தீட்டு, கழிவு தீட்டு, ஆகவே அவற்றைக் கையாளும் கையும் தீட்டு என்றனர். சிற்றூர்களில் பிள்ளைப்பேறு பார்த்தவரும் தொப்புள்கொடி அறுத்தவரும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட குலங்களைச் சேர்ந்த பெண்களே. பிள்ளை வெளிவரும் வரை அக்கை வேண்டும். வந்தபின் அக்கை திண்ணையைத் தொடலாகாது. கிடைத்த கூலி ஒரு முறம் தானியமும் ஒரு பழம்புடவையும். அவர்களுடைய பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

மருத்துவ அறிவு நமக்குப் புதிதன்று. 1907-ஆம் ஆண்டில் இதழ் தொடங்கி நம் மக்களின் வரலாற்றை எழுதிய அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவராக வாழ்ந்தவர். மராட்டிய மண்ணில் ஒடுக்கப்பட்டோர்க்குப் பள்ளி நடத்திய சாவித்திரிபாய் பூலே, 1897-இல் புனே நகரைப் பிளேக் நோய் தாக்கியபோது, நோயுற்ற சிறுவன் ஒருவனைத் தாமே சுமந்து மருத்துவ விடுதிக்குக் கொண்டுவந்தார், அந்நோய்க்கே இரையானார். கல்விப் பணியும் நோயாளர் பணியும் ஒருங்கே செய்த அம்மையாரை நம் மாணவியர் மறத்தலாகாது.

முறையான செவிலியப் பயிற்சி நம் நாட்டில் சென்னையில்தான் வேர்கொண்டது. 1854-இல் மருத்துவச்சிகளுக்கான பயிற்சியும், 1871-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர்க்கான பயிற்சியும் தொடங்கப்பெற்றன. நமக்கு அண்மையிலுள்ள வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் நிறுவிய மருத்துவமனை, 1909-இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கிற்று. 1946-இல் இந்தியாவில் செவிலியத்திற்கு முதன்முதலாகப் பட்டப்படிப்பு தொடங்கியபோது, அதனை நடத்திய இரண்டு கல்லூரிகளுள் ஒன்று டெல்லியிலும் மற்றொன்று வேலூரிலும் இருந்தன. அக்காலத்தில் மேற்சாதிக் குடும்பங்கள் தம் பெண்களை இப்பணிக்கு அனுப்பத் தயங்கின. ஆங்கிலோ இந்தியப் பெண்களும் கிறித்தவப் பெண்களுமே பெருமளவில் முன்வந்தனர். 1946-இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, ஏறத்தாழ 43,000 பேருக்கு ஒரு செவிலியரே இருந்ததாகக் கணக்கிட்டது. பெண்ணின் கல்விக்கு இருந்த தடையும், தீட்டு என்னும் பொய்யும் சேர்ந்து இந்நாட்டு நோயாளிகளுக்கு இழைத்த தீங்கு அது.

இன்று நிலை வேறு. இத்தொழிலுக்கு ஊதியமும் மதிப்பும் வந்துவிட்டன. எல்லாச் சாதியினரும் போட்டியிடுகின்றனர். அது நன்றே. ஆனால் நாம் விழிப்பாக இருத்தல் வேண்டும். மருத்துவமனையில் நமக்கென்று ஒரு வாயில் என்றும் திறந்தே இருந்துள்ளது. துடைப்பம் ஏந்தியும், கழிவு சுமந்தும், பிணவறையில் பணிபுரிந்தும் நம்மவர் அவ்வாயில் வழியே சென்று வந்தனர். அவ்வுழைப்பை நாம் இழிவாகக் கருதவில்லை; அவ்வுழைப்பின்றி ஒரு மருத்துவமனையும் ஒரு நாள் இயங்காது. பிறப்பைப் பார்த்து அதனை நமக்கு மட்டும் ஒதுக்கியதையே எதிர்க்கிறோம். தரமற்ற சான்றிதழோடு நம் மகள் சென்றால், அதே வாயில் வழியாகவே மீண்டும் உள்ளே அழைக்கப்படுவாள். உடை வெள்ளையாக இருக்கும். பதவி "உதவியாளர்" என்றிருக்கும். இதனைத் தடுக்கும் கருவி ஒன்று உண்டு. அதனை இனிச் சொல்வோம்.

பதிவேடு என்னும் அளவுகோல்

செவிலியர் யார் என்பதைச் சட்டம் தீர்மானிக்கிறது. சென்னை மாகாணத்தில் 1926-ஆம் ஆண்டிலேயே செவிலியர், மருத்துவச்சியர் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. 1947-இல் இந்திய செவிலியர் கவுன்சில் சட்டம் வந்தது. 2023-இல் நாடாளுமன்றம் தேசிய செவிலியர் மற்றும் பேறுகாலப் பணியாளர் ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டங்கள் மாறினும் அடிப்படை ஒன்றே. ஏற்பு பெற்ற பள்ளியிலோ கல்லூரியிலோ, வகுத்த பாடத்தை, வகுத்த காலம் படித்து, தேர்வில் வென்று, மாநிலப் பதிவேட்டில் பெயர் ஏற்றியவரே செவிலியர். பிறர் எவ்வளவு திறமையோடு ஊசி போட்டாலும் சட்டத்தின் முன் செவிலியர் ஆகார்.

ஆகவே எந்த நிறுவனத்தின் படியேறினாலும் முதலில் இதைக் கேளுங்கள்: "இப்படிப்பை முடித்தால் மாநில செவிலியர் கவுன்சிலில் பெயர் பதிவாகுமா?" ஆம் என்றால், அதற்குரிய ஏற்பு ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லை ஏற்க வேண்டா. கவுன்சிலிலும் பல்கலைக்கழகத்திலும் அந்நிறுவனத்தின் பெயர் உள்ளதா என்று நாமே பார்த்தறியலாம். தமிழ்நாட்டில் செவிலியப் பட்டப்படிப்பு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழும், கருநாடகத்தில் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழும் நடைபெறுகிறது.

பதிவேட்டிற்குச் செல்லும் வழிகள் மூன்று. ஏ.என்.எம். எனப்படும் துணைச் செவிலியர் பயிற்சி இரண்டு ஆண்டு. ஊர்தோறும் தடுப்பூசி போட்டு, கருவுற்ற தாய்மார்களின் கணக்கெடுத்து வரும் கிராம சுகாதாரச் செவிலியர்கள் இவ்வழியே வந்தவர்கள். ஜி.என்.எம். எனப்படும் செவிலியர் பட்டயப் படிப்பு மூன்று ஆண்டு. பி.எஸ்சி. நர்சிங் எனப்படும் பட்டப்படிப்பு நான்கு ஆண்டு. பட்டயம் பெற்றவர் மேலும் இரண்டு ஆண்டு படித்துப் பட்டதாரி ஆகலாம். பட்டதாரி ஓராண்டுப் பணிக்குப் பின் எம்.எஸ்சி. நர்சிங் படித்து, குழந்தை நலம், மனநலம், மகப்பேறு, சமூக நலம் முதலிய துறைகளில் ஆசிரியராகவும் உயரலாம்.

இவற்றுள் எதனைத் தேர்வது? மதிப்பெண்ணும் குடும்ப நிலையும் இடங்கொடுத்தால் பட்டப்படிப்பே சிறந்தது. ஆசிரியப் பணிக்கும் மேற்படிப்புக்கும் அயல்நாட்டுப் பணிக்கும் அது நேர்வழி. ஆனால் ஒன்றைத் திட்டமாகக் கூறுவோம். பல இலட்சம் கடன் பட்டு நிர்வாக ஒதுக்கீட்டில் பட்டப்படிப்புச் சேர்வதைவிட, அரசு செவிலியர் பள்ளியில் பட்டயம் படிப்பது மேல். பட்டயத்திலிருந்து பட்டத்திற்குப் பின்னர் ஏறிக்கொள்ளலாம். கடனிலிருந்து எளிதில் இறங்க இயலாது.

பத்தாம் வகுப்பு முடித்த கோடையில்

இப்போது நம் முதற் கேள்விக்கு வருவோம். கல்லூரியில் எந்தப் பாடம்? அமெரிக்கா, இங்கிலாந்து போன்ற நாடுகளில் வேறு பாடத்தில் பட்டம் பெற்றவரும் சுருங்கிய காலத்தில் செவிலியம் படித்துத் தகுதி பெற வழியுண்டு. நம் நாட்டில் அவ்வழி இல்லை. விலங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் ஆகியவை நல்ல பாடங்களே; ஆசிரியராகவோ ஆய்வாளராகவோ விழைவோர் அவற்றைப் படிக்கலாம். செவிலியராக விழைபவர் அப்பட்டங்களைப் பெற்ற பின்னும் நர்சிங் கல்லூரியின் முதலாண்டிலேயே தொடங்க வேண்டும். அறுவை அரங்கத் தொழில்நுட்பம், சிறுநீரகச் சுத்திகரிப்புத் தொழில்நுட்பம் போன்ற படிப்புகளும் தனித் தொழில்களுக்கு உரியவை. அவை செவிலியர் பதிவைத் தாரா.

எனவே கல்லூரி வாயிலில் கேட்க வேண்டிய கேள்வி, உண்மையில் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பு முடித்து, பதினோராம் வகுப்பில் பிரிவு எழுதும் அந்நாளே செவிலியராகும் நாள். பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்றும் பன்னிரண்டாம் வகுப்பில் இருத்தல் வேண்டும். ஆங்கிலத்திலும் தேர்ச்சி வேண்டும். உயிரியலுக்கு ஈடாகத் தாவரவியலும் விலங்கியலும் படிக்கலாம். கணக்கும் கணிப்பொறியும் கொண்ட பிரிவில் உயிரியல் இல்லை. வணிகவியல் பிரிவில் மூன்றுமே இல்லை. "எந்தப் பிரிவில் இடம் இருக்கிறதோ அதில் போடுங்கள்" என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பும் தந்தையரை நாம் பார்த்திருக்கிறோம். ஒரு நாள் கூலி போகட்டும். அன்று பள்ளியில் நின்று மகளுக்குரிய பிரிவைக் கேட்டு வாங்குங்கள்.

மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவாகச் செவிலியம் நடைபெறும் இடங்களும் உண்டு. பெயரைக் கண்டு அதுவே நேர்வழி என்று எண்ணிவிட வேண்டா. பட்டப்படிப்பு கேட்கும் மூன்று பாடங்களும் அப்பிரிவில் அடங்குமா என்று முதலில் கேட்டறிக. கலைப்பிரிவோ வணிகப் பிரிவோ படித்து முடித்துவிட்டவர் மனம் தளர வேண்டா. இந்திய செவிலியர் கவுன்சிலின் விதிப்படி பட்டயப் படிப்புக்கும் துணைச் செவிலியர் பயிற்சிக்கும் பிற பிரிவினரும் தகுதி உடையோரே. ஆயினும் ஒவ்வோர் அரசும் ஒவ்வொரு பள்ளியும் அறிவியல் பிரிவினர்க்கு முன்னுரிமை வைக்கலாம். அவ்வாண்டின் அறிவிப்பை வரிவிடாது படித்தல் நலம்.

தகுதி மதிப்பெண்ணைப் பற்றியும் ஒரு சொல். பட்டப்படிப்புக்குப் பொதுப்பிரிவினர்க்கு 45 விழுக்காடும், பட்டியல் இனத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் 40 விழுக்காடும் குறைந்த அளவாகும். நாற்பது எடுத்தால் விண்ணப்பிக்கலாம் என்பதே இதன் பொருள். இடம் கிடைத்துவிடும் என்பதன்று. தமிழ்நாட்டின் கலந்தாய்வில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் தரவரிசையே அடிப்படையாக இருந்து வந்துள்ளது. பட்டியல் இனத்தவர்க்கு 18 விழுக்காடு இடங்களும், அதனுள் 2009 முதல் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடும், பழங்குடியினர்க்கு 1 விழுக்காடும் உண்டு. அவ்விடங்களுக்கு நம் பிள்ளைகளே தம்முள் போட்டியிடுகின்றனர். ஆகவே இலக்கு உயர்வாக இருத்தல் வேண்டும்.

அன்பு மட்டும் போதாது

செவிலியம் என்றதும் அன்பு, பொறுமை, தொண்டு என்று பேசி முடித்துவிடுவது நம் மேடைகளின் வழக்கம். அன்பு வேண்டும். ஆனால் அன்பு மட்டும் உள்ளவர் நோயாளியைக் கொன்றுவிடவும் கூடும். எவ்வாறு எனில், கேளுங்கள்.

ஒரு குழந்தைக்கு 250 மி.கி. மருந்து கொடுக்குமாறு மருத்துவர் எழுதுகிறார். குப்பியில் 5 மி.லி. மருந்தில் 125 மி.கி. உள்ளது என்று அச்சிட்டிருக்கிறது. கொடுக்க வேண்டியது 10 மி.லி. அரை மி.கி. என்பதைக் குறிக்கும் புள்ளியைக் காணாமல் ஐந்து என்று படித்தால், மருந்து பத்து மடங்காகிவிடும். மற்றொன்று: 500 மி.லி. நீர்மத்தை 4 மணி நேரத்தில் நரம்பு வழியே ஏற்ற வேண்டும். அக்குழாயில் ஒரு மி.லி.க்கு 20 துளி. மொத்தம் 10,000 துளியை 240 நிமிடங்களுக்குப் பகிர்ந்தால், நிமிடத்திற்கு ஏறத்தாழ 42 துளி. நள்ளிரவில், மூன்று படுக்கைகளிலிருந்து ஒரே நேரத்தில் அழைப்பு வரும்போது, இக்கணக்கைப் பிழையின்றிப் போடுபவரே செவிலியர். ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் கற்ற விகிதமும் தசமமும் அங்கே உயிர் காக்கின்றன. கணக்கில் பின்தங்கிய மாணவியர் இன்றே அப்பாடங்களை மீண்டும் எடுத்துப் படிப்பாராக.

நர்சிங் பட்டப்படிப்பின் பாடங்களையும் அறிந்துகொள்ளுங்கள். உடற்கூறு, உடலியங்கியல், உளவியல், சமூகவியல், உயிர்வேதியியல், ஊட்டச்சத்து, நுண்ணுயிரியல், மருந்தியல், நோய்க்குறியியல் ஆகியன உண்டு. இவற்றோடு முதியோர், குழந்தைகள், தாய்மார், மனநோயாளர், ஊர் மக்கள் ஆகியோர்க்கான செவிலியமும் உண்டு. 2021-இல் வகுத்த புதிய பாடத்திட்டப்படி இப்படிப்பு எட்டுப் பருவங்களாக நடைபெறுகிறது. ஏட்டுப் படிப்போடு பல நூறு மணி நேரம் நோயாளியின் படுக்கை அருகே நின்றும் கற்க வேண்டும்.

பாடமொழி ஆங்கிலம். தமிழ்வழியில் படித்த நம் பிள்ளைகள் அஞ்சுவது இதற்கே. முதல் ஆறு திங்கள் கடினமே, மறுக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் நூலைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அருகருகே வைத்து, நாள்தோறும் பத்துச் சொற்களை ஒப்பிட்டுப் படியுங்கள். கல்லூரியின் முதல் நாளில் சொற்கள் பழகிய முகங்களாக இருக்கும். மேலும், நம் கிருஷ்ணகிரி மண்ணுக்கு ஒரு செல்வம் உண்டு. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் நம் சந்தைகளிலேயே ஒலிக்கின்றன. வலியால் துடிக்கும் ஒருவரிடம் அவருடைய தாய்மொழியில் "எங்கே வலிக்கிறது?" என்று கேட்கத் தெரிந்த செவிலியரை எந்த மருத்துவமனையும் விரும்பும். அம்மொழிகளைக் கொச்சை என்று எண்ணி மறந்துவிடாதீர்கள்.

பணம் வரும் வழியும் போகும் வழியும்

கல்விக்கு ஆகும் செலவைப் பற்றிப் பேசாத அறிவுரை ஏழைக்குப் பயன்படாது. பட்டியல் இன மாணவர்க்கான மேற்கல்வி உதவித்தொகை 1944-இல் தொடங்கிற்று. அண்ணல் அம்பேத்கர் அரசின் நிர்வாகக் குழுவில் அமர்ந்திருந்த காலம் அது. குடும்ப ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய்க்கு மிகாதோர் இதனைப் பெறலாம். தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டின் 92-ஆம் எண் அரசாணை, தனியார் சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் நம் பிள்ளைகளின் கட்டணத்தையும் அரசே ஏற்க வழி செய்தது. 2022 செப்டம்பரில், அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் தொடங்கப்பெற்றன. உங்கள் பிள்ளை சேரும் ஆண்டில் இவற்றின் விதிகள் எவ்வாறுள்ளன என்பதைப் பள்ளித் தலைமை ஆசிரியரிடமும் ஆதிதிராவிடர் நல அலுவலகத்திலும் கேட்டறிக.

இங்கேதான் நம்மவர் பெரிதும் ஏமாறுகின்றனர். கலந்தாய்வின் வழியே அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்க்கு உதவித்தொகை உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்க்கு இல்லை. 2018-இல் ஒன்றிய அரசு திருத்திய விதிகள் இதனைத் தெளிவாகச் சொல்லிவிட்டன. தேர்வு முடிவு வந்த மறுநாளே இடைத்தரகர் வீடு தேடி வருவார். "கலந்தாய்வுக்குக் காத்திருக்க வேண்டா, இன்றே முன்பணம் கட்டினால் பெங்களூரில் இடம், உதவித்தொகையை நாங்களே வாங்கித் தருவோம்" என்பார். அசல் சான்றிதழ்களையும் கேட்பார். அவரிடம் பணமும் கொடாதீர், சான்றிதழும் கொடாதீர். வெளி மாநிலத்தில் நல்ல கல்லூரிகள் இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஏற்பு, பல்கலைக்கழக இணைப்பு, சேர்க்கை வகை, உதவித்தொகை ஆகிய நான்கையும் எழுத்தில் பெற்ற பின்னரே செல்லுக என்கிறோம்.

ஆலைச் சம்பளமும் இரவுப் பணியும்

நம் பெற்றோர் மனத்தில் உள்ள இரண்டு ஐயங்களையும் மறைக்காமல் பேசுவோம்.

ஒசூர், சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளித் தொழிற்பேட்டைகளின் பேருந்துகள் விடியுமுன் நம் சாலைகளில் வருகின்றன. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணுக்கு அடுத்த மாதமே சம்பளம் தருகிறது ஆலை. செவிலியர் கல்வியோ நான்கு ஆண்டு காத்திருக்கச் சொல்கிறது. அன்றாடம் காய்ச்சும் குடும்பத்திற்கு இது சிறு செய்தியன்று. தம்பியைப் படிக்க வைக்கவும் தந்தையின் மருந்துக்கும் ஆலைக்குச் செல்லும் பெண்ணை நாம் வணங்குகிறோம். ஆயினும் எண்ணிப் பாருங்கள். ஒப்பந்தம் முடிந்தால் ஆலை வேலை போகும். அங்கே கற்ற கைப்பழக்கம் மற்றோர் ஆலையில் பயன்படும் என்பதற்கு உறுதியில்லை. பதிவேட்டில் ஏறிய பெயர் திருமணமானாலும், ஊர் மாறினாலும், சில ஆண்டு வீட்டில் இருந்தாலும் உடன் வரும்; உரிய காலத்தில் பதிவைப் புதுப்பித்தால் போதும். அந்த ஆலைகளிலும் செவிலியர்க்கு இடமுண்டு. 500 பேருக்கு மேல் பணிபுரியும் தொழிற்சாலையில் மருத்துவ உதவி அறை வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது; அதன் இடத்திற்கு வந்த புதிய சட்டத் தொகுப்பும் அதனைக் கைவிடவில்லை.

இரண்டாவது ஐயம் இரவுப் பணி. மகளை ஆலையின் இரவு முறைக்கு அனுப்பும் நாம், மருத்துவமனையின் இரவு முறைக்கு மட்டும் அஞ்சுவது ஏன்? பாதுகாப்பான விடுதியும் போக்குவரத்தும் கேட்பது நம் உரிமை. அஞ்சி நிறுத்திவிடுவது அவ்வுரிமையையும் இழப்பதாகும். ஆண் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்வோம். இது பெண்களுக்கு மட்டும் உரிய தொழில் அன்று. பட்டப்படிப்பில் ஆண்களும் சேரலாம். அவசரப் பிரிவிலும் மனநலப் பிரிவிலும் ஆண் செவிலியரின் தேவை மிகுதி.

படித்து முடித்த பின்

படிப்பு முடிந்தால் பால் ஆறு ஓடும் என்று நாம் சொல்லப் போவதில்லை. தமிழ்நாட்டு அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2012-இல் அமைக்கப்பட்டது. அதன் வழியே 2015-இல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர் தேர்வு பெற்றனர். ஆனால் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டனர். பணி நிரந்தரம் கேட்டு 2017-இல் சென்னையில் போராடினர். கொரோனா காலத்தில் தற்காலிகமாக அமர்த்தப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பணி, 2022 டிசம்பர் முடிவில் நீட்டிக்கப்படவில்லை. தனியார் மருத்துவமனைகளின் நிலையை ஆராய, உச்ச நீதிமன்றத்தின் ஆணையால் அமைந்த குழு 2016-இல், 50 படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. கேரளச் செவிலியர் சங்கமாகத் திரண்டு போராடியதன் பயனாக, அம்மாநில அரசு 2018-இல் 20,000 ரூபாயைக் குறைந்த அடிப்படை ஊதியமாக அறிவித்தது. ஊதியம் தானாக உயர்வதில்லை, ஒன்றுசேர்ந்தோர்க்கே உயர்கிறது. அண்ணல் நமக்குக் கற்பித்த பாடமும் இதுவே.

தேவை உலகெங்கும் உள்ளது. 2023-ஆம் ஆண்டில் உலகில் 2 கோடியே 98 இலட்சம் செவிலியர் இருந்தனர் என்றும், இன்னும் 58 இலட்சம் பேர் தேவை என்றும் உலக சுகாதார நிறுவனம் 2025-இல் கணக்கிட்டது. அயல்நாடு செல்ல விழைவோர் தனியார் முகவரை நாடுமுன், 1978 முதல் இயங்கிவரும் தமிழ்நாட்டு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை நாடுக.

ஆனால் அயல்நாட்டைப் பற்றிப் பேசும்போது சொந்த மண்ணை மறக்க வேண்டா. வீட்டுக்கே சென்று மருந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளி ஊரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. 2022 ஜனவரியில் திறக்கப்பெற்ற 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளுள் கிருஷ்ணகிரிக் கல்லூரியும் ஒன்று. 2014-க்குப் பின் தோன்றிய மருத்துவக் கல்லூரிகளை ஒட்டி 157 செவிலியர் கல்லூரிகள் அமைக்க ஒன்றிய அமைச்சரவை 2023-இல் ஒப்புதல் அளித்தது. நம் மாவட்டத்திற்கு உரிய பங்கு எந்நிலையில் உள்ளது என்று கேட்டுக்கொண்டே இருப்பது சங்கத்தின் வேலை.

சங்கம் செய்ய வேண்டியவை

உறுப்பினர்களே! இவ்வுரை கைதட்டலோடு முடிந்துவிடலாகாது. மூன்று பணிகளை உங்கள் முன் வைக்கிறோம்.

ஒன்று: ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பு முடிவு வெளியாகும் வாரத்தில், படித்த உறுப்பினர் இருவர் ஒவ்வொரு தெருவுக்கும் சென்று, செவிலியராக விழையும் பிள்ளைகளின் பட்டியல் எடுத்து, உரிய பிரிவில் சேரும் வரை உடன் நிற்க வேண்டும்.

இரண்டு: சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, வங்கிக் கணக்கு ஆகியவற்றைப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு முன்பே ஆயத்தம் செய்து தர வேண்டும். கலந்தாய்வு நாளில் ஒரு சான்று இல்லாமையால் இடம் இழப்பது கொடுமை.

மூன்று: உதவித்தொகை தாமதமாகவே வரும். அதுவரை விடுதிக் கட்டணத்திற்கும் சீருடைக்கும் கைம்மாற்றாகத் தர ஒரு நிதி வேண்டும். வெள்ளி விழாவின் எச்சமாக அந்நிதியைத் தொடங்குவோம். பந்தலும் விளக்கும் நாளை அவிழ்க்கப்படும், நிதி நிற்கும்.

மாணவியரே! உங்கள் பாட்டிமார் எத்தனையோ பிள்ளைகளை இம்மண்ணில் ஏந்தினர். எவர் ஏட்டிலும் அவர்கள் பெயர் இல்லை. நீங்கள் ஏந்தப் போகும் பிள்ளையின் பிறப்புக் குறிப்பில், பேறு பார்த்த செவிலியர் என்ற இடத்தில் உங்கள் கையொப்பம் இருக்க வேண்டும். அக்கையொப்பத்தின் அருகே உங்கள் பதிவு எண் இருக்க வேண்டும். அதற்கு உரிய படிப்பை, உரிய நாளில், உரிய வாயிலில் கேட்டுப் பெறுங்கள். சங்கம் உங்கள் பின்னால் நிற்கும்.